அந்த 600 டாலர் அறிக்கையை எழுத வேண்டாம், மற்றதைப் பேசுவோம்

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். வயது 22. சிங்கப்பூரில் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல், மூன்றாம் ஆண்டு. மே மாதம் தொடங்கும் விடுமுறைக்கு இரண்டு இடங்களிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. ஒன்று, வெளியுறவுக் கொள்கையை ஆராயும் ஒரு நிலையத்தில் 12 வார ஆய்வு இன்டர்ன்ஷிப், மாதம் 1,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). இன்னொன்று, ஒரு வங்கியின் விதிமுறைக் கண்காணிப்புப் பிரிவில் அதே 12 வாரம், மாதம் 2,000 வெள்ளி. மனசு முதலாவதில் இருக்கிறது. அப்பா துவாஸில் கப்பல் பட்டறையில் மேற்பார்வையாளர். தம்பி பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கிறார். “உலக நாடுகளைப் பத்திப் பேசறது வசதியான வீட்டுப் பிள்ளைங்களுக்கு, நமக்கு எதுக்கு?” என்கிறாராம் அப்பா.

அவருடைய கேள்விகள்: 1,000 வெள்ளி கொடுப்பது சட்டப்படி சரியா? பயிற்சியில் எழுதுவது எல்லாம் நிலையத்துக்கே சொந்தம் என்று கடிதத்தில் இருக்கிறதே, தன் பெயர் எதிலாவது வருமா? தென்கிழக்காசியாவைக் கேட்டிருக்க, தெற்காசியப் பிரிவில் போட்டிருக்கிறார்கள், இந்தியர் என்பதாலா? அதிலும் தனக்கு இந்தி தெரியாது, தமிழ் மட்டும்தான், இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டுமா? இந்தப் பயிற்சி முடித்தால் வெளியுறவு அமைச்சில் வேலை உறுதிதானே?

கடைசியில், ‘இது அவ்வளவு முக்கியமில்லை’ என்ற முன்னுரையோடு ஒரு பத்தி. பயிற்சி கிடைத்ததை லிங்க்ட்இன் பக்கத்தில் போட்ட சில நாளில், ஏதோ ஆலோசனை நிறுவனம் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் தொடர்புகொண்டாராம். இந்த வட்டாரக் கடல் விவகாரங்களைப் பற்றிச் சிங்கப்பூரில் என்ன நினைக்கிறார்கள் என்று ஐந்து பக்கம் எழுதித் தந்தால் 600 அமெரிக்க டாலர். இரகசியம் எதுவும் வேண்டாம், உங்கள் சொந்தப் பார்வை போதும் என்றிருக்கிறார். மாதம் ஒன்று எழுதினால் வங்கிச் சம்பளத்துக்குக் கிட்டத்தட்ட சமமாகிவிடும், அப்பாவும் அமைதியாகிவிடுவார் என்று வாசகி கணக்குப் போட்டிருக்கிறார். ‘ஆர்வம் இருக்கிறது’ என்று பதில் போட்டு, சுயவிவரக் குறிப்பையும் அனுப்பிவிட்டார்.

அன்புள்ள வாசகிக்கு,

முக்கியமில்லை என்று நீங்கள் கடைசியில் வைத்ததை நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்ற கேள்விகள் ஒரு வாரம் காத்திருந்தாலும் ஒன்றும் ஆகிவிடாது. இது காத்திருக்கக் கூடாது.

அந்த 600 டாலர்

உங்களைப் பயமுறுத்துவது என் நோக்கமில்லை. அந்த நபர் உண்மையிலேயே ஏதோ ஒரு வணிக ஆலோசனை நிறுவனத்தைச் சேர்ந்தவராகவும் இருக்கலாம். ஆனால் நீங்கள் விவரித்த முறை ஏற்கெனவே நடந்த ஒன்றோடு அச்சாக ஒத்துப்போகிறது. 2020 ஜூலையில் வாஷிங்டன் நீதிமன்றத்தில் சிங்கப்பூரர் ஒருவர், சீன உளவுத்துறைக்காக அமெரிக்காவில் சட்டவிரோதமாகச் செயல்பட்டதை ஒப்புக்கொண்டார். அந்த ஆண்டு அக்டோபரில் 14 மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. அவர் நம் ஊர்ப் பொதுக் கொள்கைப் பள்ளியில் முனைவர் பட்ட மாணவராக இருந்தவர். போலியாக ஓர் ஆலோசனை நிறுவனத்தின் பெயரில் வேலை விளம்பரம் போட்டார். 400-க்கும் மேற்பட்ட சுயவிவரக் குறிப்புகள் வந்து குவிந்தன. லிங்க்ட்இன் வழியாக ஆள் தேடி, பணம் கொடுத்து அறிக்கைகள் எழுதி வாங்கினார். எழுதித் தந்தவர்களிடம், ஆசியாவில் உள்ள வாடிக்கையாளர்களுக்கு என்று சொல்லியிருந்தார். பிரிட்டனிலும் இதே கதைதான். ஐந்து ஆண்டுகளில் குறைந்தது 10,000 பிரிட்டிஷ் குடிமக்களைப் போலி லிங்க்ட்இன் கணக்குகள் அணுகியதாக 2021-இல் அந்நாட்டுப் பாதுகாப்பு அமைப்பு எச்சரித்தது.

‘நான் வெறும் மாணவி, எனக்கு என்ன தெரியும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். இன்று உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்பது அந்த ஆளுக்கும் தெரியும். முதல் அறிக்கை செய்தித்தாளில் வந்ததைத் தொகுத்ததாகவே இருக்கும். தாராளமாகப் பாராட்டிப் பணமும் அனுப்புவார்கள். இரண்டாவதில், உங்கள் நிலையத்தில் மூத்த ஆய்வாளர்கள் இதைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்பார்கள். மூன்றாவதில், போன வாரம் நடந்த கூட்டத்துக்கு யார் யார் வந்தார்கள் என்று கேட்பார்கள். அதற்குள் நீங்கள் இரண்டு முறை பணம் வாங்கியிருப்பீர்கள், மறுப்பது கஷ்டமாகிவிடும்.

அந்தக் கூட்டம் என்ன அவ்வளவு பெரியது என்று தோன்றலாம். நாடுகளுக்கு இடையே அதிகாரிகள் நேராகப் பேசுவதை முதல் தடம் என்பார்கள். ஆய்வாளர்கள் மட்டும் பேசுவது இரண்டாம் தடம். அதிகாரிகளும் ‘தனிப்பட்ட முறையில் வந்திருக்கிறேன்’ என்று சொல்லி உட்காருவதற்கு ஒன்றரைத் தடம் என்று பெயர். இத்தகைய நிலையங்கள் நடத்தும் மூடிய அறைக் கூட்டங்களில் பல இந்த வகை. அங்கே குறிப்பெடுக்க உட்கார வைப்பது பெரும்பாலும் இன்டர்ன்களைத்தான். பெரும்பாலும் சாட்டம் ஹவுஸ் விதி அங்கே பொருந்தும். லண்டனில் உள்ள சாட்டம் ஹவுஸ் நிலையம் 1927-இல் வகுத்தது அது: கேட்ட தகவலைப் பயன்படுத்தலாம், ஆனால் சொன்னவர் யார், எந்த அமைப்பைச் சேர்ந்தவர், வேறு யார் வந்திருந்தார் என்று வெளியே சொல்லக் கூடாது. அது மரபுதான், சட்டம் இல்லை. ஆனால் அதே அறையில் ஓர் அரசாங்க அதிகாரி நம்பிக்கையின்பேரில் தந்த தகவல் உங்கள் குறிப்பேட்டில் இருந்தால், அதிகாரத்துவ இரகசியச் சட்டமும் பேச்சில் வந்துவிடும். அது அரசு ஊழியர்களுக்கு மட்டுமான சட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இரகசியமாக ஒப்படைக்கப்பட்ட தகவலைக் கையில் வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் அது பொருந்தலாம். 2021 அக்டோபரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வெளிநாட்டுத் தலையீட்டுக்கு எதிரான சட்டமும் இருக்கிறது. வெளிநாட்டுத் தரப்புக்காக மறைவாகச் செயல்படுவதை அது குறிவைக்கிறது.

ஐந்து பக்கம் எழுதிக் கொடுத்தாலே குற்றம் என்று நான் சொல்ல மாட்டேன். சுயவிவரக் குறிப்பை அனுப்பியதும் குற்றமில்லை. அதை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம். இனி செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பதில் எழுதாதீர்கள், ‘வேண்டாம்’ என்றுகூட. உரையாடலை அழிக்காதீர்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தேதியோடு சேமித்து வையுங்கள். உங்களுக்கு அழைப்புக் கடிதம் அனுப்பிய நிலையத்து அலுவலருக்கு இந்த வாரமே நான்கு வரி மின்னஞ்சல் போட்டு நடந்ததைச் சொல்லுங்கள். உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்கும் தெரிவிக்கலாம். அது உங்கள்மேல் புகார் ஆகாது. குறிப்பில் கைப்பேசி எண் இருந்தால் வாட்ஸ்அப்பில் வேறு பெயரில் வருவார்கள், அதையும் எதிர்பாருங்கள்.

சொன்னால் பயிற்சி கைவிட்டுப் போகுமோ என்ற பயம் உங்களுக்கு வரும். இத்தகைய அணுகல் அந்த நிலையங்களில் இருப்பவர்களுக்குப் புதிதில்லை. தொடங்கும் முன்பே வந்து சொல்லும் மாணவியை எந்த மேற்பார்வையாளரும் தவறாக நினைக்க மாட்டார். ஆறு மாதம் கழித்து வேறு யாரோ சொல்லித் தெரியவந்தால்தான் சிக்கல்.

1,000 வெள்ளி கணக்கு

சரி, இனி உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தை அந்த நிலையம் மீறுகிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லாத் துறைக்கும் பொதுவான குறைந்தபட்சச் சம்பளம் என்று ஒன்று சிங்கப்பூரில் கிடையாது. துப்புரவு, பாதுகாவல் போன்ற சில துறைகளில் படிப்படியாக உயரும் சம்பள முறை இருக்கிறது. உங்கள் பயிற்சி அதற்குள் வராது. ஆகவே 1,000 வெள்ளி குறைவு என்று வருத்தப்படலாம், சட்டவிரோதம் என்று சொல்ல முடியாது.

அதற்காக இன்டர்ன் என்றால் எந்தப் பாதுகாப்பும் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை. அவர்கள் நேரம் குறித்து, வேலை கொடுத்து, மேற்பார்வை செய்து, சம்பளம் தந்தால் அது வேலை ஒப்பந்தமாகக் கருதப்படலாம்; அப்போது வேலை நியமனச் சட்டம் பொருந்தும். 14 நாளோ அதற்கு மேலோ வேலை செய்பவருக்கு, வேலை நேரம், சம்பளம், விடுப்பு போன்ற முக்கிய விவரங்களை வேலை தொடங்கிய 14 நாளுக்குள் எழுத்தில் தர வேண்டும். மாதம் 2,600 வெள்ளிக்குள் வாங்குபவருக்கு வாரத்துக்கு 44 மணி நேரம் என்ற சாதாரண வேலை நேர வரம்பும் இருக்கிறது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், மாநாட்டுக் காலத்தில் இன்டர்ன்கள் இரவு 10 மணி வரை பெயர் அட்டை அடுக்கிக்கொண்டிருப்பது உண்டு. ஷங்ரிலா கலந்துரையாடல் வழக்கமாக மே கடைசி, ஜூன் தொடக்கம் வாக்கில் வரும்; ஊரெல்லாம் தற்காப்பு அமைச்சர்கள் இருக்கும் அந்த வாரத்தில் பக்க நிகழ்ச்சிகளும் நிறைய. கூடுதல் நேரத்துக்கு மாற்று விடுப்பு உண்டா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். பிறகு கேட்க நம் பிள்ளைகளுக்குக் கூச்சம் வந்துவிடும்.

மசே நிதி (ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேம நிதி) பற்றி ஒரு வரி. பல்கலைக்கழகம் அங்கீகரித்த பயிற்சித் திட்டத்தின்கீழ் போகும் மாணவருக்கு முதலாளி சந்தா கட்ட வேண்டியதில்லை. உங்களுடையது அப்படிப்பட்டதா, இல்லை நீங்களாகத் தேடிக்கொண்டதா என்பதைப் பொறுத்து மாறும். பல்கலைக்கழக வேலைவாய்ப்பு அலுவலகத்தில் கேட்டால் உடனே தெரிந்துவிடும். பாடப் புள்ளியும் கிடைக்குமா என்று அப்படியே கேட்டுவிடுங்கள்.

ஆக, இரண்டு பயிற்சிக்கும் இடையே வித்தியாசம் 12 வாரத்துக்கு ஏறக்குறைய 3,000 வெள்ளி. சிறிய தொகை இல்லை. உங்கள் வீட்டில் அந்தப் பணம் ஏற்கெனவே எதற்காவது ஒதுக்கப்பட்டிருந்தால், தம்பியின் கட்டணமோ வேறோ, அது வேறு விவாதம். ஒதுக்கப்படவில்லை என்றால், அந்த 3,000 வெள்ளிக்கு இந்த நிலையம் உங்களுக்கு என்ன தருகிறது என்று கேட்க வேண்டும். அதற்கு விடை அடுத்த தலைப்பில் இருக்கிறது.

எழுதுவது யாருக்குச் சொந்தம், பெயர் யாருடையது

நீங்கள் இரண்டு விஷயங்களை ஒன்றாகக் குழப்பிக்கொண்டிருக்கிறீர்கள். காப்புரிமை வேறு, பெயர் போடுவது வேறு. 2021 நவம்பர் 21 முதல் நடப்பில் இருக்கும் நம் காப்புரிமைச் சட்டப்படி, ஊழியர் தம் பணியின் பகுதியாக எழுதுவது, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், முதலாளிக்குச் சொந்தம். ஆகவே அந்த ஷரத்தில் விசேஷமாக ஒன்றும் இல்லை; எங்கே போனாலும் இருக்கும். படைப்பாளியின் பெயரைச் சொல்ல வேண்டும் என்ற உரிமையையும் அதே சட்டம் புதிதாகக் கொண்டுவந்தது. ஆனால் அதற்கு விலக்குகள் உண்டு, ஊழியர் நிலையில் எழுதுபவர் அதை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. உங்கள் சீனியர் ஒருவர் பாதிக் கட்டுரை எழுதியும் பெயர் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். சட்டப் போராட்டத்துக்கு அதில் ஒன்றுமில்லை. நிலையத்தின் வழக்கம் என்ன என்று அவர் முன்கூட்டியே கேட்டிருந்தால் ஒருவேளை தீர்ந்திருக்கும்.

இந்த வேலையில் பெயர்தான் சம்பளம். மேற்படிப்புக்கோ ஆய்வு உதவியாளர் வேலைக்கோ விண்ணப்பிக்கும்போது, தரவு சேகரித்தேன், அடிக்குறிப்பு சரிபார்த்தேன் என்பதைவிட, ஆயிரம் சொல்லில் ஒரு கருத்துரை, மேலே மூத்த ஆய்வாளர் பெயரோடு உங்கள் பெயரும் இருந்தால் அது பேசும். அதனால் பயிற்சியை ஒப்புக்கொள்ளும் முன் மின்னஞ்சலில் மூன்று கேள்வி கேளுங்கள். யார் என்னை நேரடியாக மேற்பார்வை செய்வார், வாரம் ஒருமுறையாவது அவரோடு உட்கார முடியுமா? இன்டர்ன் கணிசமாக எழுதிய பகுதிக்கு இணை ஆசிரியராகவோ நன்றியுரையிலோ பெயர் சேர்க்கும் வழக்கம் உண்டா? 12 வாரத்தில் என் பெயரில் ஒன்றாவது வெளியிட வாய்ப்பு உண்டா? மரியாதையாகக் கேட்டால் இதில் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். சுளித்தால் அதுவும் ஒரு பதில்தான்.

நான்காவதாக ஒன்று, இது உங்கள் கண்ணில் படவில்லை. நீங்கள் அனுப்பிய பகுதியில் ‘பயிற்சிக் காலத்தில் உருவாக்கும் அனைத்தும்’ என்று இருக்கிறது. அடுத்த ஆண்டு ஹானர்ஸ் ஆய்வேட்டுக்கு இந்த விடுமுறையிலேயே படிக்கத் தொடங்கப்போவதாகவும் சொல்கிறீர்கள். இரண்டும் ஒரே தலைப்பில் வந்தால் நாளை யாராவது கேள்வி எழுப்பலாம். ‘என் பல்கலைக்கழக ஆய்வேடும் அதற்கான குறிப்புகளும் இதில் அடங்காது’ என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். சிறிய திருத்தம்தான், பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். மூடிய அறைக் கூட்டக் குறிப்புகளைச் சுருக்கித் தரச் சொல்லி எந்த ஏஐ செயலியிலும் ஒட்டக் கூடாது என்பதையும் நீங்களாகவே உணர்ந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் வயதில் கை தானாகப் போகும்.

தெற்காசியாவில் போட்டுவிட்டார்கள் என்பது

இந்தக் கேள்வியில் உங்கள் மனத்தாங்கல் எனக்குப் புரிகிறது, ஓரளவு நியாயமும் இருக்கிறது. இந்திய மாணவர் என்றால் இந்தியா, மலாய் மாணவர் என்றால் இந்தோனீசியா என்று யோசிக்காமல் பிரித்துப் போடும் சோம்பல் எங்கும் உண்டு. பெயரைப் பார்த்துப் போட்டார்களா, அந்தப் பிரிவில் ஆள் தேவைப்பட்டதா என்று கடிதத்திலிருந்து எனக்குச் சொல்ல முடியவில்லை. ‘தென்கிழக்காசியாவுக்கு விண்ணப்பித்திருந்தேன், மாற்றத்துக்கான காரணத்தை அறியலாமா’ என்று கேட்டால் போதும். நம் முதல் வெளியுறவு அமைச்சர் ராஜரத்னம் பிறந்தது யாழ்ப்பாணத்தில். 1967 ஆகஸ்ட் 8-ஆம் தேதி பேங்காக்கில் ஆசியான் பிரகடனத்தில் சிங்கப்பூருக்காகக் கையெழுத்திட்டவரும் அவர்தான். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கும் பள்ளி, 1996-இல் தற்காப்பு, உத்தி ஆய்வுக் கழகமாகத் தொடங்கியபோது முதல் இயக்குநர் எஸ்.ஆர். நாதன், பிறகு அதிபரானவர். உங்கள் ஆட்கள் இந்தத் துறைக்கு அந்நியர்கள் என்றோ, வந்தால் இந்தியாவைத்தான் பார்க்க வேண்டும் என்றோ எந்த விதியும் இல்லை. அப்பாவின் “நமக்கு எதுக்கு” என்ற கேள்விக்கும் இதைச் சொல்லலாம்.

இந்தி தெரியாததை ஏன் குறையாக எழுதியிருக்கிறீர்கள் என்றுதான் எனக்குப் புரியவில்லை. தெற்காசியா டெல்லியோடு முடிந்துவிடுவதில்லை. பாக் நீரிணையில் தமிழக மீனவர்கள் கைதாவதும், 1974 ஒப்பந்தத்தில் இலங்கைக்குப் போன கச்சத்தீவு ஒவ்வொரு தேர்தலிலும் திரும்ப வருவதும், இரு நாட்டு உறவை அசைக்கும் விவகாரங்கள். இதில் ராமேசுவரத்து மீனவர் சங்கம் என்ன சொல்கிறது, யாழ்ப்பாணத்து மீனவர் ஏன் அவர்கள்மேல் கோபமாக இருக்கிறார் என்பது முதலில் தமிழில்தான் வருகிறது. கொழும்பிலிருந்து வரும் ஆங்கிலச் செய்தியை மட்டும் படிக்கும் ஆய்வாளருக்கு அதில் பாதி தெரியாது. 2017-இல் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 ஆண்டு குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் போனதும், 2018 ஜனவரியில் சிங்கப்பூர் இலங்கையோடு தடையற்ற வர்த்தக உடன்பாட்டில் கையெழுத்திட்டதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இவை எல்லாம் கடல் விவகாரங்களும்தான். நீங்கள் விரும்பும் தென்சீனக் கடலுக்குப் போகும் கப்பல்களில் பல இந்தியப் பெருங்கடல் வழியாகத்தான் வருகின்றன. இந்தி தெரியாது என்று மன்னிப்புக் கேட்கும் தொனியில் சொல்ல வேண்டாம். தமிழ் மூலங்களை நேராகப் படிப்பேன் என்று சொல்லுங்கள். உண்மையாகவே சரளமாகப் படிப்பீர்கள் என்றால் மட்டும் சொல்லுங்கள். பள்ளித் தாய்மொழிப் பாடத்தோடு விட்டுவிட்டிருந்தால், மே மாதத்துக்குள் தினமும் ஒரு தமிழகப் பத்திரிகை, ஒரு யாழ்ப்பாணப் பத்திரிகை என்று பழகிக்கொள்ளுங்கள்.

அமைச்சு வேலை

இதைச் சுருக்கமாக முடிக்கிறேன். உறுதி இல்லை. வெளியுறவுச் சேவை அதிகாரிகளை அமைச்சு தனியாக விண்ணப்பம் வாங்கி, தனியாகத் தேர்ந்தெடுக்கிறது. இத்தகைய ஆய்வு நிலையத்தில் இருந்தது விண்ணப்பத்தில் நன்றாக இருக்கும். நேர்காணலில் பேச விஷயம் கிடைக்கும். அவ்வளவுதான். அங்கே பயிற்சி பெறுபவர்கள் செய்தித்துறை, நிறுவனங்களுக்கு அரசியல் அபாயம் கணிக்கும் வேலை, ஆசிரியர் பணி என்று பல பக்கம் போகிறார்கள். அரசு வேலை எண்ணம் இருப்பதால் அந்த 600 டாலர் விஷயம் இன்னும் முக்கியம். பாதுகாப்புச் சோதனையில் வெளிநாட்டுத் தொடர்புகளைப் பற்றிக் கேட்டால், முதல் வாரமே நானே போய்ச் சொன்னேன் என்று நீங்கள் பதில் சொல்ல முடிய வேண்டும்.

அப்பாவிடம் பேசுவது

அப்பாவை நீங்கள் குறுகிய மனக்காரராகக் காட்டியிருக்கிறீர்கள். அவர் கேட்பது எனக்கு நியாயமாகவே படுகிறது. பட்டறையில் வேலை செய்து ஒரு பிள்ளையைப் பல்கலைக்கழகத்துக்கும் இன்னொரு பிள்ளையைத் தொழிற்கல்லூரிக்கும் அனுப்பியவர், பாதிச் சம்பளத்துக்கு ஏன் போகிறாய் என்று கேட்காவிட்டால்தான் ஆச்சரியம். குறைந்த சம்பளப் பயிற்சிகள் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கே எளிது என்று அவர் சொல்வதும் பொய்யில்லை. உலகம் முழுக்க இந்தத் துறைமேல் உள்ள பழைய குறை அது. அவரிடம் ‘கனவு’, ‘ஆர்வம்’ என்று பேசாதீர்கள். 3,000 வெள்ளி குறைகிறது, அதில் இவ்வளவை நான் டியூஷன் சொல்லிக்கொடுத்து ஈடுகட்டுவேன், 12 வாரம் முடிந்ததும் என் பெயரில் இது இருக்கும் என்று காகிதத்தில் எழுதிக் காட்டுங்கள். பட்டறையில் வேலை அட்டவணை பார்ப்பவருக்கு அந்த மொழி புரியும்.

இன்னொன்று. வங்கிப் பயிற்சியை நீங்கள் எதிரி முகாமாக வைத்திருக்கிறீர்கள். 2022 மார்ச்சில் சிங்கப்பூர் ரஷ்யாமேல் தடை விதித்து, நான்கு ரஷ்ய வங்கிகளைக் குறிப்பிட்டபோது, அந்தத் தடையை நாள்தோறும் நடைமுறைப்படுத்தியது யார் என்று நினைக்கிறீர்கள்? வங்கிகளின் விதிமுறைக் கண்காணிப்புப் பிரிவில் உட்கார்ந்திருந்தவர்கள்தான். எந்தப் பணம் யாருடையது, எந்தக் கப்பலின் உண்மையான உரிமையாளர் யார் என்று தோண்டுவதும் வெளியுறவுக் கொள்கைதான், வேறு மேசையில். தடை சம்பந்தமான வேலை கிடைக்குமா என்று வங்கியிடமும் கேளுங்கள். ‘கிடைக்கும்’ என்றால், நீங்கள் நினைத்த அளவுக்கு இது மனசுக்கும் பணத்துக்கும் இடையிலான சண்டை இல்லை.

என் யோசனை கேட்டீர்கள். மேற்பார்வையாளர் யார் என்பதற்கும் பெயர் வருமா என்பதற்கும் ஆய்வு நிலையத்திலிருந்து தெளிவான பதில் எழுத்தில் வந்தால், வீட்டுக் கணக்கும் இடம் கொடுத்தால், அங்கேயே போங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வங்கிக்குப் போங்கள், ஆய்வு நிலையத்துக்கு அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கலாம். வங்கியின் கெடு அடுத்த வெள்ளிக்கிழமை என்று எழுதியிருக்கிறீர்கள். கேள்வி மின்னஞ்சலை நாளைக்கே அனுப்புங்கள், புதன்கிழமைக்குள் பதில் வராவிட்டால் ஒரு தொலைபேசி அழைப்பு. லிங்க்ட்இன் விஷயத்தைச் சொல்லும் மின்னஞ்சலைத் தனியாக அனுப்புங்கள், இதோடு கலக்க வேண்டாம். எழுத்தில் பதில் கைக்கு வரும் வரை வங்கிக்கு மறுப்புச் சொல்லாதீர்கள்.